ஒரே ஒரு கட்டை

பாடிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் ஒரு ஈ போய்விட்டது.

முப்பது வருடமாக மேடையில் நிற்கிறவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. திறந்தவெளி மேடை என்றால் ஈயும் வரும், கொசுவும் வரும், புழுதியும் வரும். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் பாடத்தான் வேண்டும். நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு. நண்பகலில், ஆளில்லாத மைதானத்தைப் பார்த்து நின்றுகொண்டு ஒலி சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ‘போக மாட்டேன்’ என்ற பாட்டு. அதில் ‘மாட்டேன்’ என்ற சொல்லின் நடுவே வரும் ‘டே’யைப் பிடித்துக்கொண்டு ஒன்பது விநாடி உச்சத்தில் நிற்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் போனது ஈ. நேரே தொண்டைக்குப் போனது. அவள் மைக்கை இடுப்புக்கு இறக்கி, குனிந்து, கண்ணில் நீர் தளும்ப இருமினாள்.

அவள் இருமிக்கொண்டேயிருந்தாள். அவள் குரலோ பாடிக்கொண்டேயிருந்தது.

காதில் செருகியிருந்த இயர்பீஸுக்குள் அது பாடியது. வாத்திய இரைச்சலுக்கு நடுவே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று பாடகர்கள் செருகிக்கொள்வது அது. அதற்குள் ‘டே’ அப்படியே நின்றது. நடுக்கம் இல்லை, பிசிறு இல்லை, ஒன்பது விநாடியும் நின்று, ‘ன்’ என்று அழகாக முடிந்தது. இருமலின் சுவடே அதில் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கோரஸ்லேர்ந்து மறுபடி,” என்றாள்.

இந்த முறை ‘போக மாட்’ வரைக்கும் பாடினாள். அதோடு உதடுகளை இறுக மூடிக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினாள். கிதார் வாசிக்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கம்பிகளைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய வலது கால் மட்டும் தானாக நகர்ந்து, தரையில் கிடந்த கறுப்புப் பெட்டியின் இரண்டாவது பெடலை மிதித்தது. ‘டே’ வந்தது. மைதானம் முழுக்க வந்தது. கையும் களவுமாகப் பிடிபடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவன் காலும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

“நிறுத்துங்கடா!”

நிறுத்தினார்கள். தம்பி தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஈதான் அக்காவின் வயிற்றுக்குள் போய்விட்டதே.

“என்னடா அது?”

“எது?”

“எதுவா? என் வாய் மூடியிருக்கு. பாடுறது யாரு, உன் மாமியாரா?”

டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் செத்தும் போனது. அவனை எல்லோரும் டமாரம் என்று கூப்பிடுவார்கள். அவளோடு முதல் நாளிலிருந்து இருக்கிறவன். அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இருபத்து நான்கு வயதில், வாடகைக்கு இருந்த வீட்டை ஒரே நாளில் காலி செய்யச் சொன்ன ஆத்திரத்தில் அவள் இந்தப் பாட்டைக் கட்டி, முதன்முதலாக அந்த ‘டே’யை விட்டபோது, “அடியாத்தீ, ஆலைச் சங்கு ஊதுற மாதிரியில்ல இருக்கு. நாலு தெரு ஆளுங்க வேலைக்குக் கிளம்பிருவாங்க,” என்றான். அன்றிலிருந்து சங்கு. சுவரொட்டியிலும் அதே பெயர். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் நிஜமான ஆலைச் சங்கிலிருந்து பதிவுசெய்த ஒலி ஒன்றும் வரும். அதற்கான பெடலும் தம்பியின் அதே பெட்டியில்தான் இருந்தது, முதல் பெடல். பக்கத்தில் இரண்டாவதாக ஒன்று எப்போது முளைத்தது என்று அவள் பார்த்ததே இல்லை.

“எத்தன நாளா?”

தம்பி கிதார்க் கம்பி ஒன்றை முறுக்கினான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? எத்தன நாளான்னு கேக்குறேன்.”

“ரெண்டு வருஷம்,” என்றான்.

இரண்டு வருடம். நூற்று நாற்பது மேடை. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மைக்கைத் தரையில் வீசினாள். அது விழுந்த சத்தம் பெரிய ஒலிபெருக்கிகளில் குண்டு போட்டாற்போலக் கேட்டது. மைதானத்தின் நடுவே கூடாரத்துக்குள் பெரிய மேசையின் முன் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவரை நோக்கித்தான் அவள் இறங்கி நடந்தாள். பின்னாலேயே “அக்கா, அக்கா” என்று தம்பி ஓடினான்.

அந்த இரண்டு வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்லாவிட்டால் அவளுடைய கோபம் புரியாது.

இருபத்து நான்கில் அவள் தொண்டையைப் பற்றி நினைத்ததே இல்லை. கை கால் மாதிரி அதுவும் இருந்தது. கத்தினால் கத்தியது. முப்பதுகளில் வருடத்துக்கு நூற்றைம்பது மேடை. வேனில் உட்கார்ந்தபடியே தூக்கம். மூடிய அரங்குகளில் புகை. அத்தனையையும் தின்றுவிட்டுக் குரல் கொழுத்தது. முப்பத்தாறில் அதன் உச்சம். அந்த வருடத்து மேடைப் பதிவு ஒன்று இன்றும் விற்கிறது. நாற்பதுக்கு மேல் காலை பதினொரு மணி வரைக்கும் குரலே வராது, வந்ததும் கரகரக்கும். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘அனுபவத்தின் கரகரப்பு’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அனுபவமாவது மண்ணாங்கட்டியாவது, அது வீக்கம். அவளுக்கும் அது தெரியும்.

ஐம்பத்திரண்டில் ஒரு நாள் உச்சத்தை விட்டு இறங்கும்போது வாய்க்குள் இரும்பு ருசி வந்தது. துப்பினாள், ரத்தம். தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் படம் எடுத்துக் காட்டினார். குரல்நாண் ஒன்றில் பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்பு.

“பாடறத நிறுத்த வேண்டியதில்ல. அந்த உச்சத்தத்தான் நிறுத்தணும். சுருதிய கொஞ்சம் இறக்கிக்குங்க. இல்லேன்னா ஒரு நாள் பேசக்கூட வராது,” என்றார் டாக்டர்.

“இவருக்கு என்ன தெரியும் ராக் பாட்டப் பத்தி?” என்று வெளியே வந்து தம்பியிடம் சொன்னாள்.

அதே வாரம் கீபோர்டு வாசிப்பவர், பதினெட்டு வருடம் அவளோடு ஊர் ஊராகச் சுற்றிய மனிதர், தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார். “ஒரு கட்டை இறக்கிப் பாத்தா என்னம்மா? ஒரே ஒரு கட்டை. எனக்கு ஒரு பட்டன் அமுக்குற வேல. கேக்குறவனுக்கு வித்தியாசமே தெரியாது.” அவ்வளவுதான் சொன்னார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “சுருதிய இறக்குறவங்க வீட்டுல உக்காந்து கொழந்தைக்குத் தாலாட்டுப் பாடட்டும். எனக்கு வேற ஆள் கெடைக்கும்,” என்றாள். பாதிப் பயணத்தில், முன்பின் தெரியாத ஒரு பேருந்து நிலையத்தில் அவரை இறக்கிவிட்டு வேன் கிளம்பியது. அந்தத் தாலாட்டு வசனத்தை அதற்குப் பிறகு எத்தனை பேட்டியில் சொன்னாளோ கணக்கில்லை. கேட்டவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த மாதம் மறுபடி மேடை ஏறியபோது உச்சம் வெண்ணெய் மாதிரி வந்தது. வலியே இல்லை. புதிதாகப் பழகிய மூச்சுப் பயிற்சிதான் காரணம் என்று சொன்னாள். இளம் பாடகிகளுக்கு வகுப்பு எடுத்தாள். தொண்டை டாக்டருக்கு முன்வரிசை டிக்கெட் ஒன்று அனுப்பி, ‘வந்து காது குளிரக் கேட்டுவிட்டுப் போங்கள்’ என்று துண்டுச் சீட்டு வேறு வைத்தாள். மனிதர் வந்தார், கேட்டார், ‘மருத்துவத்தில் இதற்கு விளக்கம் இல்லை’ என்று பதில் அனுப்பினார். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

இப்போது கூடாரத்துக்குள் நின்றபோது அந்தச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அவமானத்தில் காது நுனி வரைக்கும் எரிந்தது.

“அண்ணே, நீங்களுமா?”

சவுண்டுக்காரர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். மூக்கில் நழுவும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “ஒக்காரும்மா,” என்றார்.

“ஒக்கார வரல. பதில் சொல்லுங்க. யாரோட குரல் அது?”

“உன்னோடதுதான். முப்பத்தாறு வயசு பதிவுலேர்ந்து அந்த ஒம்பது செகண்ட மட்டும் வெட்டி எடுத்தோம். தம்பி கால்ல மிதிப்பான், நான் உன் மைக்க அந்த எடத்துல மட்டும் தணிச்சிருவேன். உன் காதுக்கும் அதையே குடுத்துருவேன். காதுல அது கேட்டா நீ முக்க மாட்டே. முக்கலைன்னா தொண்ட கிழியாது. அவ்வளவுதாம்மா.”

“அவ்வளவுதானா? என் குரல எங்கிட்டேர்ந்தே திருடி, எனக்கே போட்டுக் காட்டிருக்கீங்க. அவ்வளவுதானாம்! நான் ஊரெல்லாம் போயி மூச்சுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சின்னு பீத்திக்கிட்டு இருந்தேனே, நீங்க ரெண்டு பேரும் பின்னால நின்னு சிரிச்சீங்களா?”

“யாரும் சிரிக்கலக்கா,” என்றான் தம்பி.

“நீ பேசாத. உன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நான். டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. உங்கிட்ட சொல்லல. என் தொண்டைக்கு நீ யாரு காவக்காரன்?”

“வேற என்ன பண்றது? சொன்ன மனுஷன நடுவழியில எறக்கி விட்டே. பதினெட்டு வருஷம்! அவரோட பெட்டிய நாந்தான் எறக்கி வெச்சேன். அன்னைக்கே முடிவு பண்ணுனேன், இவகிட்ட வாயால சொல்லிப் புண்ணியமில்லன்னு.”

அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கையில் அகப்பட்ட தண்ணீர் பாட்டிலைக் கூடாரத்தின் சுவரில் அடித்தாள். துணிச்சுவர், சத்தம்கூட வரவில்லை. கோபத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

“போன வாரத்து ஷோவ போடுங்க. என் மைக் மட்டும். தனியா,” என்றாள்.

சவுண்டுக்காரர் தயங்கினார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். முதல் இருபத்தெட்டு வருடமும், நிகழ்ச்சி முடிந்ததும் வியர்வை காய்வதற்குள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் தன் குரலை மட்டும் அவள் கேட்பாள். எங்கே தவறினேன், எங்கே மூச்சு போதவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள்.

“ரெண்டு வருஷமா நீயும் கேக்கலையேம்மா,” என்றார் மெல்ல. “தெனமும் எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்திருப்பேன். இன்னைக்குக் கேப்பா, மாட்டிக்குவோம்னு. நீ கேக்கவே இல்ல.”

“எனக்கு நேரமில்ல! போடுங்கன்னா போடுங்க!” என்று கத்தினாள். தேவைக்கு அதிகமாகவே கத்தினாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். உச்சம் வந்த இடத்தில் குரல் ஏறியது, விளிம்பைத் தொட்டது, நூல் மாதிரி மெலிந்தது, நழுவியது. அதற்குப் பிறகு வெறும் காற்று. ஒன்பது விநாடியும் காற்று. பஞ்சரான சக்கரத்துக்குப் பம்ப் அடிக்கிற சத்தம். அவள் கண்களை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, எதற்கோ, பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள்.

கீழ்ப்பகுதி வேறு மாதிரி இருந்தது. ‘பெட்டியைத் தெருவில் போட்டாய், பாயையும் தெருவில் போட்டாய்’ என்று மெதுவாகத் தொடங்கும் வரிகள். இருபத்து நான்கு வயதில் அதை ஓடிக் கடந்துவிடுவாள். உச்சத்துக்குப் போகிற அவசரம். இப்போது அந்த வரிகளில் குரல் தடித்து, அடியில் ஒரு உறுமலோடு, ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்து வைத்தது. முப்பத்தாறு வயதுக்காரிக்கு இது வராது. இது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இரண்டு வருடமாக இந்தக் குரல் இங்கே கிடந்திருக்கிறது, ஒருத்தர் கேட்கவில்லை, அவளே கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

“இன்னைக்கு ஒரு கட்டை எறக்கிப் பாடுறேன்.”

தம்பிக்கு வாய் பிளந்தது. “இன்னைக்கா? ரிகர்சல் இல்லாமயா? எட்டாயிரம் பேரு வர்றாங்கக்கா. அந்த ‘டே’க்குத்தான் வர்றாங்க. அதுதான் தெரியும் அவங்களுக்கு.”

“வரட்டும். வந்து என்னக் கேக்கட்டும். அந்த முப்பத்தாறு வயசுக்காரிய இல்ல.”

“அடுத்த ஊர்ல பண்ணலாம். ரெண்டு நாள் டயம் குடு.”

“ஒனக்கு ரெண்டு வருஷம் குடுத்துட்டேன். ஒரு கட்டை எறக்கி ட்யூன் பண்ணுன கிதார் இருக்கில்ல? அத மாட்டு. அந்த ரெண்டாவது பெடல தொட்டே, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுருவேன்.”

“பெட்டியக் கழட்டிரவா?”

“சங்கு ஊத வேணாமா? அதுவும் அதுலதான இருக்கு. மொதல் பெடல மிதி. ரெண்டாவத தொடாத. அவ்வளவு கஷ்டமா?”

அவ்வளவு கஷ்டமில்லைதான். தம்பி தலையாட்டினான். சவுண்டுக்காரர் அவளுடைய மைக்கை எந்த இடத்திலும் தணிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். டமாரத்திடம் விஷயத்தைச் சொன்னபோது, “எனக்கு என்ன, தோலுக்கு ஏது சுருதி?” என்று சொல்லிவிட்டு, “நல்லா இருக்கும் சங்கு. பயப்படாத,” என்றும் சேர்த்துக்கொண்டான். பயப்படாத என்று சொன்னதற்காக அவனுக்கும் நான்கு வசவு விழுந்தது.

ஐந்து மணிக்கு வெயில் இன்னும் தணியவில்லை. குடியிருப்புகள் பக்கத்தில் இருப்பதால் எட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நிபந்தனை. இருட்டில் பாடிப் பழகியவளுக்குப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமும் தெரிந்தது பிடிக்கவில்லை. தோளில் குழந்தையை வைத்திருந்தவர்கள், தலை நரைத்தும் கறுப்புச் சட்டையை விடாதவர்கள், பேரணிக்கு வந்தாற்போல முஷ்டியை உயர்த்தியவர்கள். முதல் ஆறு பாட்டும் எப்போதும் போலப் போயின. ஏழாவது பாட்டுக்குத் தம்பி கிதாரை மாற்றினான். சங்கு ஊதியது. எட்டாயிரம் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவள் இயர்பீஸ் இரண்டையும் கழற்றித் தோளில் தொங்கவிட்டாள்.

‘பெட்டியைத் தெருவில் போட்டாய்.’

கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. அவள் அவர்களை விடவில்லை. நண்பகலிலிருந்து தேக்கி வைத்த ஆத்திரம் எல்லாம் அந்தத் தாழ்ந்த சுருதியில் பாய் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருத்தி அதைக் கீழே இறக்கினாள். டமாரம் பின்னாலிருந்து “அப்படிப் போடு!” என்று கத்துவது கேட்டது. பழைய அவசரம் இல்லை. ஏறும்போது பயம் இல்லை. ‘போக மாட்’ என்று படியேறினாள், ‘டே’யைப் பிடித்தாள். தடித்த, கரகரத்த, கொஞ்சம் கோணலான ‘டே’. ஆனால் நின்றது. நிஜமாக நின்றது. நெஞ்செலும்பில் அதிர்ந்தது. இரண்டு வருடமாக நெஞ்சில் எதுவும் அதிரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு விநாடி. மூன்று விநாடி.

அப்போது தம்பியின் கால் மிதித்தது.

வேண்டுமென்று மிதிக்கவில்லை பாவி. நூற்று நாற்பது மேடையில் அதே சொல்லுக்கு அதே பெடலை மிதித்த கால் அது. அந்தச் சொல் வந்தது, கால் போயிற்று. முப்பத்தாறு வயதுக்காரியின் ‘டே’ பழைய சுருதியில், ஒரு கட்டை மேலே, அத்தனை ஒலிபெருக்கிகளிலும் பீறிட்டது. இரண்டு குரலும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. குழந்தைகள் காதைப் பொத்தின. அவள் வாயை மூடினாள், மைக்கை இறக்கினாள். பளிச்சென்ற வெயிலில், மூடிய வாயோடு அவள் நிற்க, அவளுடைய குரல் தன்பாட்டுக்கு, பிசிறில்லாமல், ஒன்பது விநாடியையும் பாடி முடித்து ‘ன்’ போட்டது.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

உயர்ந்திருந்த முஷ்டிகள் கீழே இறங்கின. பிறகு எங்கிருந்தோ ஒரு விசில். “ஏமாத்துக்காரி!” என்று ஒருவன். “டேப்பா போட்டே இவ்வளவு நாளா?” என்று இன்னொருவன். ஒரு காலி பாட்டில் மேடையில் விழுந்து உருண்டது. அப்புறம் இரைச்சல்.

தம்பி கிதாரைக் கழற்றாமலே அவளுடைய மைக்குக்கு ஓடி வந்தான். முகம் வெளுத்து, கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

“நாந்தான்! நாந்தான் போட்டேன். எல்லாம் என் வேல. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா அவங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு மத்தியானம்தான் கண்டுபுடிச்சாங்க. திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க.”

இரைச்சல் தணிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டு போதும். அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, நாளைக்கு ஊர் முழுக்க அவன்தான் குற்றவாளி, அவள் பாவப்பட்டவள். நண்பகலிலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தானே, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று.

அவளுக்கு வந்த கோபம் இதுவரைக்கும் வந்த எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அது தம்பியின் மேல் இல்லை. பாட்டில் எறிந்தவன் மேலும் இல்லை. மைக்கை வாங்கினாள்.

“தெரியாதா?” என்றாள். “யாருக்குத் தெரியாது? எனக்கா?”

தம்பி “அக்கா” என்று கையைப் பிடித்தான். உதறினாள்.

“இவன் சொல்றது நெசம். பெடல மிதிச்சது இவன். எங்கிட்ட யாரும் சொல்லலங்கறதும் நெசம். ஆனா என் தொண்டை எனக்குத் தெரியாதாய்யா? முப்பது வருஷமா இதோட குடும்பம் நடத்துறேன். ஒரு நாள் ரத்தம் துப்புது, அடுத்த மாசம் வெண்ணெயா வருது. எந்தக் கிறுக்கி நம்புவா? நான் நம்புனேன். ஏன்னா நம்ப ஆசையா இருந்துச்சு. கேட்டா தெரிஞ்சுரும்னு கேக்காம இருந்தேன். அது பேரு தெரியாதது இல்ல. தெரியும். எனக்குத் தெரியும்.”

மூச்சு வாங்கினாள். 

“ஒரே ஒரு கட்டை எறக்குன்னு ஒரு மனுஷன் நல்லதுக்குச் சொன்னாரு. பதினெட்டு வருஷம் எனக்கு வாசிச்சவரு. அவர நடுவழியில எறக்கி விட்டேன். இவனும் சொல்லிருப்பான், பயந்துட்டான். தம்பி பயப்படுற அளவுக்கு ஒரு அக்கா. வெக்கமா இருக்கு. போறவங்க போகலாம், தப்பா நெனைக்க மாட்டேன். இருக்கறவங்களுக்கு என்கிட்ட இருக்கறதப் பாடுறேன். இது அம்பத்து நாலு வயசுக் குரல். இது எறங்கியிருக்கு. இன்னும் எறங்கும்.”

சிலர் கிளம்பிப் போனார்கள். பகல் வெளிச்சத்தில் போகிற ஒவ்வொரு முதுகும் தெரிந்தது. கறுப்புச் சட்டை போட்ட நரைத்த தலை ஒன்று, முப்பது வருடமும் முன்வரிசையில் பார்த்த முகம், திரும்பிப் பார்க்காமல் நடந்தது.  அவர் வாசலைக் கடக்கும் வரைக்கும் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்து, தோள் குலுங்க, கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

“மொதல்லேர்ந்து எடு,” என்றாள். “அழுதுக்கிட்டே வேணா வாசி. சுருதி மட்டும் தப்புச்சோ, தொலைச்சுருவேன்.”

டமாரம் நான்கு எண்ணினான்.